நியூ இங்கிலாந்தின் ஆலயப் பிடில்

1713இல் பாஸ்டன் வணிகர் தாமஸ் பிராட்டில் காலமானபோது, தம்மிடமிருந்த ஆர்கனைத் தம் சபையான பிராட்டில் தெரு தேவாலயத்துக்கு உயில் எழுதிவைத்திருந்தார். சபையார் அதை வாங்க மறுத்துவிட்டார்கள். ஆர்கன் ஆங்கிலிக்கன் ஆலயமான கிங்ஸ் சேப்பலுக்குப் போய்ச் சேர்ந்தது. பியூரிட்டன் வழிவந்த சபைகளுக்கு வேதத்தின் சங்கீதங்களை மனிதக் குரலால் பாடுவது ஒன்றே போதுமானதாக இருந்தது. வழிபாட்டில் கருவி ஒலிப்பதை அவர்கள் ஏற்கவில்லை.

அதே சபைகள் பல அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஒரு கருவிக்குக் கதவைத் திறந்தன. செல்லோவைவிடப் பருத்த உடலும் குட்டையான கழுத்தும் கொண்டு, வில்லால் வாசிக்கப்பட்ட அந்தக் கருவிக்கு பேஸ் வயோல் என்று பெயர். இன்று பழம்பொருள் சந்தையில் அதைச் சர்ச் பேஸ் என்கிறார்கள்.

கதவு திறந்ததற்குக் காரணம் பாட்டுதான். 1720களிலிருந்து நியூ இங்கிலாந்து ஊர்களில் பாட்டுப் பள்ளிகள் பெருகின. இசைக் குறிப்பு படிக்கத் தெரிந்த இளைஞர்கள் நான்கு குரல்களில் பாடும் குழுக்களாக ஆலயத்தில் உட்கார்ந்தார்கள். தோல் பதனிடும் தொழிலாளியாக இருந்து இசையமைப்பாளரான வில்லியம் பில்லிங்ஸ் 1770இல் தம் முதல் பாடல் தொகுப்பை வெளியிட்டார். இத்தகைய பாடலில் கீழ்க்குரல் தளர்ந்தால் மற்ற மூன்றும் சரியும். தொடக்கத்தில் சுருதியை மட்டும் எடுத்துக்கொடுக்கும் சுருதிக் குழல் இதற்குப் போதவில்லை. பாட்டு முடியும்வரை கீழ்க்குரலைத் தாங்கிப்பிடிக்க ஒரு துணை வேண்டியிருந்தது, பேஸ் வயோல் அந்த இடத்துக்கு வந்தது. அப்போதும் சண்டை ஓயவில்லை. கருவியை அனுமதித்த ஆலயங்களை எதிராளிகள் ‘குடல்நரம்பு ஆலயங்கள்’ என்றார்கள். நடனத்துக்கு வாசிக்கும் சிறிய பிடில் சாத்தானுடையது, பெரிய பிடில் ஆண்டவருடையது என்று சமாதானம் சொன்னவர்களும் இருந்தார்கள்.

பேஸ் வயோல்களைச் செய்தவர்கள் ஐரோப்பிய வயலின் பட்டறைகளில் பயின்றவர்கள் அல்லர். மாசசூசெட்ஸின் மில்டனில் பெஞ்சமின் கிரீஹோர் பேஸ் வயோல்களோடு பியானோவும் செய்தார். பின்னாளில் பியானோவுக்கு ஒரே வார்ப்பில் இரும்புச் சட்டம் செய்து 1825இல் காப்புரிமை பெற்ற ஆல்ஃபியஸ் பாப்காக் அவருடைய பட்டறையில் தொழில் கற்றவர். நியூ ஹாம்ப்ஷரின் டீர்ஃபீல்டில் 1789இல் பிறந்த ஆபிரகாம் பிரெஸ்காட், 1809இல் தம் முதல் பேஸ் வயோலைச் செய்தார். 1830களில் கான்கார்டு நகருக்குப் பட்டறையை மாற்றினார். அவரிடம் வேலை கற்ற டியர்பார்ன் சகோதரர்களும் கருவி செய்யலானார்கள். வட்டாரத்தில் பலர் பிரெஸ்காட்டின் பாணியைப் பின்பற்றியதால், பெயர்ச்சீட்டு இல்லாத கருவி எதைக் கண்டாலும் அவர் பெயரைச் சூட்டிவிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

ஆகவே கருவியை அடையாளம் காண்பவர் சீட்டோடு நின்றுவிடுவதில்லை, மரத்தையும் படிக்கிறார். அடிப்பலகையும் விலாப்பலகைகளும் பெரும்பாலும் உள்ளூர் மேபிள். மேல்பலகையில் ஐரோப்பியர் ஸ்ப்ரூஸ் வைப்பார்கள். இங்கே சில கருவிகளில் வெண் பைன் மரம் இருக்கிறது. அது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கே உரிய மரம் என்பதால் வலுவான சான்றாகிறது. அடுத்தது கட்டுமானம். பல கருவிகளில் விலாப்பலகையை அடிப்பலகையில் வெட்டிய காடியில் சொருகியிருப்பார்கள். வயலின் பட்டறைகளில் மூலைகளுக்குள் வைக்கும் மரக்கட்டைகள் பலவற்றில் இருக்காது. மரப் பிரடைகளுக்குப் பதிலாகப் பித்தளைப் பற்சக்கர முடுக்கிகள் இருப்பதும் உண்டு. ஐரோப்பியக் கண்ணுக்குக் குறையாகப் படும் இவையே அந்தக் கருவி எந்த மண்ணில், எப்படிப்பட்ட கையால் பிறந்தது என்பதற்கான நேரடிச் சாட்சி. சீட்டு இருந்தால் அதில் உள்ள ஊர்ப்பெயர் காலத்தைக் குறுக்க உதவும். பிரெஸ்காட்டின் சீட்டில் டீர்ஃபீல்டு என்றிருந்தால் அது கான்கார்டுக்கு முந்தைய வேலை.

சர்ச் பேஸின் காலம் நீளவில்லை. 1830களுக்குப் பிறகு மிதித்துக் காற்றூதும் செராஃபின், மெலோடியன் போன்ற சிறு ஆர்கன்கள் சபைகளுக்குள் நுழைந்தன. பிரெஸ்காட்டே அவற்றைச் செய்து விற்கத் தொடங்கினார். அவர் 1858இல் இறந்த பிறகும் அந்த நிறுவனம் ஆர்கனும் பியானோவும் செய்து நீடித்தது. வேலையிழந்த பேஸ் வயோல்கள் பரண்களுக்குப் போயின. செல்லோவைப் போலவே நான்கு நரம்புகளும் அதே சுருதியும் கொண்டவை என்பதால், பலவற்றின் கழுத்தை மாற்றி, உடலையும் குறுக்கிச் செல்லோவாக்கிவிட்டார்கள்.

விலை கணிப்பதில் இந்த வரலாறு நேரடியாகப் புகுகிறது. பிரெஸ்காட் மூன்று நரம்புகளோடு செய்த பெரிய டபுள் பேஸ்களுக்கு இன்றும் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். பின்னாளில் நான்கு நரம்புக்கு மாற்றப்பட்டிருந்தாலும் அவை நல்ல விலைக்குப் போகின்றன, ஏனென்றால் குரலுக்காகவே அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். சர்ச் பேஸுக்கு அப்படியொரு வாசிப்பு மேடை இல்லாததால் விலை மிகவும் குறைவு. அங்கே மதிப்பைத் தீர்மானிப்பது பழுதுபடாத பழைய நிலைதான். மூலக் கழுத்து, மூல வார்னிஷ், மூல நீளம், உள்ளே ஒட்டிய சீட்டு ஆகிய நான்கும் கலையாமல் இருந்தால் அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் நாடுவார்கள்.

பரணில் கிடைத்த கருவியைப் பளபளப்பாக்கப் புது வார்னிஷ் பூசுகிறவர் அதன் மதிப்பைத் தம் கையாலேயே அழிக்கிறார். முதலில் செய்யவேண்டியது அளவெடுப்பதும், எஃப் வடிவத் துளை வழியாக உள்ளே விளக்கடித்துப் பார்ப்பதும், கருவி வந்த ஊரின் சபைக் கணக்கேடுகளைத் தேடுவதும்தான். பேஸ் வயோல் வாங்கவும் அதற்கு நரம்பு வாங்கவும் செலவிட்ட தொகையைப் பல சபைகள் எழுதிவைத்திருக்கின்றன. அந்த வரியும் கையிலிருக்கும் கருவியும் பொருந்தினால், சீட்டே இல்லாத பேஸுக்கும் ஊரும் ஆண்டும் கிடைத்துவிடும்.