கண்ணாடி பதித்த மரச் சாப்பாட்டு மேசை

மரத்தாலான மேல்பலகையில் காடி எடுத்து, பலகையின் மட்டத்துக்கே கண்ணாடியை இறக்கி உட்கார வைத்த மேசை இது. மரமேசையின் மேல் கண்ணாடியை விரிப்புப்போல் போட்டு வைப்பதும், நான்கு கால்களின் மேல் வெறும் கண்ணாடியைக் கிடத்துவதும் இந்த வகையில் சேரா. பார்வைக்கு எளிய வேலைதான். ஆனால் இரண்டு பொருள்களின் குணமும் எதிரெதிரானவை என்பதால் தச்சரின் கணக்கு சற்றே பிசகினாலும் ஒரு மழைக்காலத்துக்குள் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மரம் அறுபட்டு மேசையான பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும், விடும். ஐப்பசி அடைமழையில் பருக்கும். சித்திரை வெயிலில் ஒடுங்கும். தேக்கு இதில் அடக்கமான மரம். பச்சை மரம் முழுக்கக் காயும்போது அது ஆண்டு வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. நீளவாக்கில் மாற்றம் இல்லையென்றே சொல்லலாம். காய்ந்து பக்குவப்பட்ட 40 செ.மீ. அகலத் தேக்குப் பலகையில் ஈரம் 4 விழுக்காடு கூடினால் அகலம் சுமார் 3 மி.மீ. வரை கூடும். அங்குலத்தை எட்டாகப் பிரித்து ‘நூல்’ என்று எண்ணும் ஆசாரிமார் கணக்கில் இது ஏறக்குறைய ஒரு நூல். கண்ணாடிக்கோ ஈரம் ஒரு பொருட்டே இல்லை. வெப்பம் 20 பாகை ஏறினாலும் ஒரு மீட்டர் கண்ணாடி 0.2 மி.மீ. கூட நீளாது. அந்த ஒரு நூலுக்கு இடம் விடுவதுதான் இந்த வேலையின் சூட்சுமம்.

அதனால் அகலமான ஒரே பலகையின் நடுவில் ஓட்டை வெட்டிக் கண்ணாடியை அடைப்பதைவிட, நான்கு சட்டங்களைக் கூட்டி அதற்குள் கண்ணாடியை வைப்பது மேல். 10 செ.மீ. அகலச் சட்டம் அதே ஈர மாற்றத்துக்கு முக்கால் மில்லிமீட்டர்தான் அசையும். சட்டங்களின் முனைகளைச் சாய்வாக அறுத்து மூலையில் சேர்ப்பது அழகு. ஆனால் கோடையில் அந்த மூட்டு உள்பக்கம் வாய் பிளக்கும். துளையும் கழுந்துமாகப் பூட்டிய மூலை அவ்வளவு பகட்டாக இராது, உழைக்கும்.

உயரம் வழக்கமான 75 செ.மீ.தான், ஆளுக்கு 60 செ.மீ. இடம் வைத்தால் முழங்கை இடிக்காது. வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுத்து வெளிறைத் தள்ளிவிட வேண்டும். 10 மி.மீ. கண்ணாடிக்கு 12 மி.மீ. ஆழக் காடி வேண்டும். மிச்ச 2 மி.மீ., கண்ணாடிக்கு அடியில் வைக்கும் சிலிக்கான் பொட்டுகளுக்கு. காடிக்குக் கீழே தாங்குமளவு மரம் மிஞ்ச வேண்டுமென்பதால் சட்டம் 30 மி.மீ. கனத்துக்குக் குறையக்கூடாது. பாலிஷ் மேல்பக்கம் எத்தனை கையோ அடிப்பக்கமும் அத்தனை கை போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை கிண்ணம்போல் வளையும். காடியின் உட்புறத்தைப் பூசாமல் விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. தெளிந்த கண்ணாடி அதை அப்படியே காட்டிக்கொடுக்கும்.

கண்ணாடி கடைக்கு அளவுநாடாவோடு மட்டும் போகிறவர் தொழில் தெரிந்தவர் அல்ல. காடிக்குள் ஒரு மெல்லிய ஒட்டுப்பலகையை வெட்டிப் பொருத்தி, நாலு பக்கமும் 2 மி.மீ. குறைத்து, மேல்பக்கம் எது என்று பென்சிலால் எழுதி அந்த அச்சையே கொண்டுபோவார். கடுங்கண்ணாடிக்கு இது கட்டாயம். 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிர்விக்கும்போது அதன் மேற்பரப்பு இறுகி நிற்கிறது. பலம் சாதாரணக் கண்ணாடியைப்போல் நாலைந்து மடங்கு. பிறகு அதை அறுக்கவோ துளைக்கவோ முயன்றால் முழுத் துண்டும் பொடிக்கற்களாக உதிர்ந்துவிடும். ஆகவே, வெட்டுவதும் விளிம்பைத் தேய்ப்பதும் மூலையை உருட்டுவதும் சூளைக்குப் போகுமுன்பே முடிய வேண்டும். சூடான குழம்புச் சட்டியை இறக்கி வைக்கும் மேசையில் சாதாரணக் கண்ணாடியைப் பதிப்பது வம்பு.

இந்த வகை மேசைக்கு அண்மையில் பெயர் தேடித் தந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத் தச்சர் கிரெக் கிளாசென். அறுத்த பலகைகளின் நெளிந்த இயற்கை விளிம்புகளை உள்நோக்கித் திருப்பி, அவற்றுக்கிடையே அதே நெளிவில் வெட்டிய நீலக் கண்ணாடியை ஆறுபோல் ஓடவிட்டார். இதைப் பார்த்து வந்தவற்றுள் பல பிசின் ஊற்றிச் செய்தவை; கண்ணாடியை நெளிவாக வெட்டும் பாடு அவற்றில் இல்லை. மரத்தின் நெளிவையும் வெடிப்பையும் மறைக்காமல் காட்டும் மரபில் முன்னோடி ஜார்ஜ் நாகஷிமா. அவர் பலகை வெடிப்பில் வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டையைப் பதித்து, வெடிப்பையே அலங்காரமாக்கினார். 1930களின் இறுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா கட்டடப் பணியை மேற்பார்த்தவரும் அவரே.

மேசை வீட்டுக்கு வந்தபின் தொல்லை தருவது கண்ணாடியைச் சுற்றி விட்ட அந்த 2 மி.மீ. இடைவெளி. பருக்கையும் ரசமும் அதற்குள் இறங்கும். சிலர் அதைக் கெட்டியான பசையால் அடைத்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் பருக்கும் மரத்துக்குப் போக்கிடம் இல்லாமல், மூட்டாவது கண்ணாடியாவது அடி வாங்கும். நெகிழும் சிலிக்கான் அடைப்பு பரவாயில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றுவது பெரும்பாடு. இடைவெளியை அப்படியே விட்டு, காடியின் அடித்தட்டில் விரல் நுழையுமளவு இரண்டு துளை போடுவதே நல்ல வழி. 120 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமுமான 10 மி.மீ. கண்ணாடி 15 கிலோ கனக்கும். ஒருவர் கீழிருந்து விரலால் தள்ள, இன்னொருவர் மேலே விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் காடியை ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.