ஆனி டார்வினின் எழுதுபெட்டி

குலமுறை எழுதப் புகும் நம்மவர், நெடுநாள் வாழ்ந்து பெயர் படைத்த முன்னோரையே தேடுகின்றனர். இளமையிலே மாய்ந்த பிள்ளைகளுக்கு அம்முறையில் ஒரு வரியும் கிடைப்பது அரிது. இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தார், பத்து வயதிற் கழிந்த சிறுமியொருத்தியின் வாழ்வைப் பழங்கடிதங்கொண்டு மீட்டெடுத்தனர். அவ்வரலாற்றை அன்பர்கட்குக் கூற விழைகின்றேன்.

உயிரினத் தோற்றம்பற்றி 1859-இல் பெருநூல் வெளியிட்ட சார்லஸ் டார்வினுக்கு மூத்த மகள் ஆனி; 1841-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் பிறந்தவள். டார்வினின் எள்ளுப்பேரரான ராண்டல் கெய்ன்ஸ், வீட்டுப் பழம்பொருள்களிடையே அவளது எழுதுபெட்டியைக் கண்டார். இறகுப் பேனாக்கள், கடிதத்தாள், தையற்பொருள், மடித்த தாளிற் பொதிந்த ஒரு கற்றைக் கூந்தல், இவற்றுடன் அவள் நோய்பற்றித் தந்தை எழுதிய நாட்குறிப்பும் அதனுள் இருந்தன. இவை கொண்டே அவர் 2001-இல் ஒரு நூல் வெளியிட்டார்.

டார்வின் 1849-இல் மால்வர்ன் என்னும் ஊரிற் கல்லி என்ற மருத்துவரிடம் நீர்ச்சிகிச்சை பெற்று நலம் எய்தியவர். அந்நம்பிக்கையாலேயே 1851 மார்ச்சில் மகளையும் ஆங்குச் சேர்ப்பித்தார். ஏப்பிரலில் நோய் முற்றவே விரைந்து சென்று அருகிருந்தார். மனைவி எம்மாவோ நிறைசூலியாய் டவுன் என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்தில் தங்கினார். இருவரும் நாள்தோறும் கடிதம் எழுதினர். ஒருவர் கடிதம் மற்றவர் கைக்கு எட்டுமுன் நோயின் நிலை மாறிவிடும். ஏப்பிரல் 23-ஆம் நாள் ஆனி உயிர் நீத்தாள். எலும்புருக்கி நோயாக இருக்கலாம் என்பர் பிற்காலத்தார். மனைவியின் நிலை கருதித் தந்தை மறுநாளே புறப்பட்டார். அடக்கத்திற்கு அவர் நிற்கவில்லை. மே 13-இல் எம்மா ஓர் ஆண்மகவை ஈன்றார்.

அடக்கம் முடிந்த சின்னாட்களில், ஏப்பிரல் 30-ஆம் நாள், டார்வின் மகளைக் குறித்து ஒரு நினைவுரை வரைந்தார். மறைந்த மகவைப் புகழாத தந்தை யார்? ஆதலின் புகழ்மொழிகளை யான் பெரிதாக எண்ணுவதில்லை. ஆயினும், தந்தைக்கு மூக்குப்பொடி திருடிக் கொணர்ந்ததும், அவர் தலைமயிரை அரைமணி நேரம் சீவி அழகுசெய்ததும், அகராதியிற் சொற்களைத் தேடி மகிழ்ந்ததும் அதிற் காணப்படுகின்றன. இவை புனைந்துரைப்பதற்கு உரியன அல்ல. கண்டவர் மட்டுமே எழுதத்தக்கன.

தந்தையின் துயரத்திற்கு இவ்வுரை சான்று. தாயோ அத்தகைய உரையொன்றும் வரைந்திலர். மகளின் பேனாக்களையும் நூலிழைகளையும் அப்பெட்டியில் இட்டுக் காத்துவைத்தவர் அவரே.