வெளிநாட்டு கிராமத்தில் தன்னார்வ ஆசிரியர் ஆகணுமா? பணம் கட்டும் முன் இந்த 6 கேள்விகளைக் கேளுங்க!

"ஆப்பிரிக்க கிராமத்தில் குழந்தைகளுக்கு பாடம் சொல்லித் தர வாருங்கள். தங்குமிடம், சாப்பாடு இலவசம்." செல்போனில் இப்படி ஒரு விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்தில் இருக்கும் மம்சாபுரத்தில், பி.எட். முடித்துவிட்டு வேலைக்காக காத்திருக்கும் ஒருவருக்கு இது பெரிய வாய்ப்பாகத் தெரியும். சேவையும் ஆச்சு, வெளிநாட்டு அனுபவமும் ஆச்சு.

ஆனால் எது உண்மையான வாய்ப்பு, எது சிக்கல்? விரிவாகப் பார்க்கலாம்.

1. இது புதுசா?

இல்லை. அமெரிக்காவின் பீஸ் கார்ப்ஸ் தன்னார்வலர்கள் 1961 முதல் 1976 வரை இந்தியாவுக்கு வந்து கிராமங்களில் பணியாற்றினார்கள். அதே காலகட்டத்தில் நம் ஆட்களும் வெளியே போனார்கள். எத்தியோப்பியாவில் மன்னர் ஹைலே செலாசி ஆட்சியின்போது, இந்திய ஆசிரியர்கள் பலர் அங்குள்ள சிற்றூர் பள்ளிகள் வரை சென்று பாடம் நடத்தினார்கள். ஆனால் அவர்கள் தன்னார்வலர்கள் அல்ல, சம்பளத்துக்கு சென்றவர்கள். இன்றும் மாலத்தீவு தீவுப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். வேலை வேறு, தன்னார்வப் பணி வேறு. விளம்பரம் எதைச் சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

2. யார் யாருக்கு பணம் தரணும்?

இதுதான் முக்கியமான கேள்வி. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970-ல் உருவாக்கப்பட்டது. தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் உள்ளது. இதில் விண்ணப்பிக்க கட்டணம் கிடையாது. தேர்வானால், வாழ்க்கைச் செலவுக்கு மாதாந்திர தொகையை அவர்களே தருவார்கள். 18 முதல் 26 வயது வரை இளைஞர் பிரிவு. 27 வயதுக்கு மேல் என்றால் குறைந்தது 3 ஆண்டு பணி அனுபவம் கேட்பார்கள். 1958-ல் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ. அமைப்பும் அனுபவம் உள்ளவர்களைத்தான் பெரும்பாலும் தேடுகிறது.

இன்னொரு வகை உண்டு. "பதிவுக் கட்டணம்", "பயிற்சிக் கட்டணம்" என்று நம்மிடமே பணம் வாங்கிக்கொண்டு, இரண்டு வாரம், ஒரு மாதம் அனுப்பி வைக்கும் நிறுவனங்கள். இதில் எல்லாமே மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டும் பணத்தில் எவ்வளவு அந்தப் பள்ளிக்குப் போகிறது என்று எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் விலகிவிடுவது நல்லது.

3. டூரிஸ்ட் விசாவில் போகலாமா?

"சம்பளம் வாங்கலையே, அப்புறம் எதுக்கு வேற விசா?" என்று பலரும் நினைக்கிறார்கள். தவறு. சம்பளம் இல்லாவிட்டாலும் பள்ளியில் பாடம் நடத்துவதை பல நாடுகள் வேலையாகத்தான் பார்க்கின்றன. பிரிட்டனில் இதற்கென்றே தொண்டுப் பணியாளர் விசா தனியாக இருக்கிறது. "முதல்ல டூரிஸ்ட் விசாவுல வாங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் உஷார்.

காரணம் இருக்கிறது. ஐ.டி. வேலை என்று நம்பி தாய்லாந்து போன தமிழக இளைஞர்கள் சிலர், 2022-ல் மியான்மரின் மியாவாடி பகுதிக்கு கொண்டு செல்லப்பட்டு, ஆன்லைன் மோசடி வேலையில் தள்ளப்பட்டார்கள். அவர்களை மீட்டுக் கொண்டுவர இந்திய அரசு தலையிட வேண்டியிருந்தது.

4. என்னென்ன ஆவணங்கள் தேவை?

பாஸ்போர்ட்டுக்கு விருதுநகர் மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. குழந்தைகளோடு பணி என்பதால், காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பார்கள். கேட்காத அமைப்பு என்றால், அங்கே குழந்தைகளின் பாதுகாப்பு பற்றி யாருக்கும் கவலை இல்லை என்று அர்த்தம். பட்டச் சான்றிதழுக்கு வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை தேவைப்படலாம்.

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். பயணத்துக்கு குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற, அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே சான்றிதழோடு கிடைக்கும். 2016 முதல் இந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்க செல்லும். இது இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால், இந்தியாவில் இறங்கியதும் 6 நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம்.

5. எத்தனை நாள் இருக்கப் போறீங்க?

இதை அந்தக் குழந்தைகள் பக்கமிருந்து யோசிச்சுப் பாருங்க. மம்சாபுரத்தில் ஒரு பள்ளிக்கு, தமிழே தெரியாத ஒருவர் இரண்டு வாரம் வந்து பாடம் நடத்திவிட்டுப் போகிறார். அடுத்த மாதம் வேறொருவர் வந்து அதே பாடத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். நம் பிள்ளைகளுக்கு இதை ஏற்றுக்கொள்வோமா?

கம்போடியாவில் இதன் மோசமான முகம் தெரிந்தது. வெளிநாட்டுத் தன்னார்வலர்களும் நன்கொடையும் வந்ததால், அநாதை இல்லங்கள் பெருகின. ஆனால் அங்கிருந்த குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடுதான் இருந்தார்கள். அதனால் குழந்தைகள் இல்லங்களுக்கு அனுப்பும் குறுகிய காலத் திட்டங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு கல்வியாண்டாவது தங்க முடியுமா, அங்குள்ள ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்ய முடியுமா, நீங்கள் திரும்பிய பிறகு பாடத்தை யார் தொடர்வார்கள் என்று கேளுங்கள்.

6. அனுபவமே இல்லையே, என்ன பண்றது?

ஊரிலேயே ஆரம்பிக்கலாம். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், கிராமங்களில் ஏராளமான பெண்கள் மாலை நேரத்தில் தெருக் குழந்தைகளை உட்கார வைத்து பாடம் சொல்லித் தந்தார்கள். வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து, கையில் கிடைத்த பொருளைக் கொண்டு சொல்லித் தரும் பழக்கம் அது. வெளிநாட்டு கிராமப் பள்ளியிலும் இதே திறமைதான் தேவைப்படும்.

ஆறு மாதம் மாலை வகுப்பு எடுத்துப் பாருங்கள். மழை நாளிலும், திருவிழா நாளிலும் நீங்கள் வருவீர்கள் என்று பிள்ளைகள் காத்திருக்கிறார்களா? அப்படியென்றால் நீங்கள் தயார்.

கிளம்புவதற்கு முன்: ஒப்பந்தம், பள்ளியின் முகவரி, விசா நகல் மூன்றையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் உங்கள் விவரத்தைப் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.