கிணறுகளின் கணக்கு: வேலூர்த் தோல் தொழில் வட்டாரப் பள்ளிகளில் மின்வளத் தேடலும் நூலகப் பொறுப்பும்

வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பை இன்று ஒரு பள்ளி மாணவர் கைப்பேசியிலேயே படித்துவிடலாம். 1991இல் தாக்கலான அந்த மனு, தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றிலும் விளைநிலத்திலும் கலப்பதைப் பற்றியது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பின் தொடக்கத்தில் இரண்டு கணக்குகள் அடுத்தடுத்து வருகின்றன. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்பது முதல் கணக்கு. வேலூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையம் எடுத்தது. 467 கிணறுகளில் 350 மாசடைந்தன என்பது இரண்டாவது. ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்தது. பாலாற்றைப் பற்றிச் செயல்திட்டம் எழுதும் மாணவர் இரண்டையும் தன் ஊர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. ஆனால் அந்தக் கிணறுகள் இருப்பது திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில். வழக்கின் பெயரில் வேலூர் இருந்தாலும் தீர்ப்பு ஐந்து மாவட்டங்களைப் பற்றிப் பேசுகிறது. போதாக்குறைக்கு, இணையத்தில் புழங்கும் ஆங்கிலப் படியில் ரெட்டியார்சத்திரம் ‘பெட்டியார் சத்திரம்’ ஆகியிருக்கிறது. ஊர்ப் பெயரைத் தட்டித் தேடுகிறவருக்கு அந்த வரி அகப்படாது.

இந்த இடத்தில் மாணவருக்கு இன்னொரு இணையதள முகவரியைக் கொடுத்துப் பயனில்லை. பத்தியை முழுதாகப் படிக்கவும், எண்ணியது யார், எங்கே என்று கேட்கவும் பழக்கும் ஒருவர் வேண்டும். பள்ளிக்குள் அவர் நூலகராகவோ பாட ஆசிரியராகவோதான் இருக்க முடியும். அவர்களுக்கு இன்று கிடைக்கும் பயிற்சியில் வளங்களின் பட்டியலே பெரும்பகுதி. பட்டியல் அறிமுகத்துக்கு மட்டுமே உதவும். ஒரு வட்டாரக் கேள்வியை ஆவணங்களோடு கடைசிவரை துரத்திப் பார்த்த அனுபவம் ஆசிரியருக்கே வாய்த்தால்தான் மாணவரிடம் அது போய்ச் சேரும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வளம் இல்லை என்று இனிச் சொல்வதற்கில்லை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் உள்ளன. 2023இல் பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலி வந்தது. இவற்றுக்கு வெளியே, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், இந்திய தேசிய மின்நூலகமும், முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கான சோத்கங்காவும் இருக்கின்றன. உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புத் தொகுப்பை 2023 ஜனவரி முதல் கட்டணமின்றித் திறந்துவைத்திருக்கிறது.

இந்த இரண்டு வகை வளங்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பயிற்சி முகாம்கள் கவனிப்பதில்லை. கியூஆர் குறியீட்டின் பின்னால் இருப்பது பாடத்துணை. அங்கே கேள்வியும் விடையும் முன்பே முடிவானவை. ஆசிரியர் காணொளியை ஓட்டினால் போதும். தீர்ப்பும் ஆய்வேடும் நிலத்தடி நீர் அறிக்கையும் ஆய்வு வளங்கள். அவை ஒன்றுக்கொன்று முரண்படும், காலாவதியாகும், பாதியில் நிற்கும். முதல் வகைக்குப் பழகிய கை இரண்டாம் வகையைத் தொடும்போது, வரும் முதல் விடையையே முடிவான விடையாக எடுத்துக்கொள்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அந்த முதல் விடையைச் சரளமான தமிழில், ஆவணத்தின் சுவடே இல்லாமல் தந்துவிடுவதால் சிக்கல் கூடியிருக்கிறது. புதிதாக முளைத்தது என்று சொல்ல மாட்டேன்.

இனி, யாருக்கு இந்தப் பயிற்சி? பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகம் ஏதோ ஓர் ஆசிரியரின் கூடுதல் பொறுப்பு. சாவி அவரிடம், பதிவேடு அவரிடம், நூலகப் பாடவேளை மட்டும் தேர்வு நெருங்கும்போது கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடும். தனியார் பள்ளிகள் பலவற்றில் நூலகர் உண்டு. ஆனால் பாடத் திட்டமிடலில் அவரை உட்காரவைத்துக் கேட்பது அபூர்வம். இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் கண்ட மாகாணம் சென்னை, 1948இல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே எஸ். ஆர். ரங்கநாதன் பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்று தனி நூல் எழுதியிருந்தார். அப்படிப்பட்ட மரபு பள்ளிக்குள் வந்ததும் அலமாரிப் பூட்டாகச் சுருங்கிவிட்டது வருத்தத்துக்குரியது.

நூலகரின் தொழில் அறிவு மின்வளத் தேடலுக்கு எப்படிப் பயன்படும் என்பதற்கு வேலூரின் சத்துவாச்சாரிப் பகுதியைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்ற வளாகமும் இங்கேதான் இருக்கின்றன. பாலாறு பற்றிய அரசுக் காகிதங்களில் கணிசமானவை கடந்துபோகும் இடம். ஆனால் இணையத்தில் ‘வேலூர் மாவட்டம்’ என்று தேடினால் அவற்றில் பழையவை கிடைக்கமாட்டா. 1989 வரை இம்மாவட்டம் வட ஆர்க்காடு. பிறகு வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம். 1996 தீர்ப்பும் அந்தப் பெயரையே எழுதுகிறது. 1990களின் பிற்பகுதியில்தான் வேலூர் மாவட்டம். 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆகவே ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் ஷாப்புகள் எனப்படும் பதனிடும் ஆலைகளைப் பற்றிய 2015ஆம் ஆண்டுப் புள்ளிவிவரம் வேலூரின் கீழ் இருக்கும். 2022ஆம் ஆண்டுக்குரியது திருப்பத்தூரின் கீழ் இருக்கும். இரண்டையும் வைத்து ‘வேலூரில் தோல் தொழில் குறைந்துவிட்டது’ என்று ஒரு வரைபடம் போட்டால், குறைந்தது தொழிலா எல்லையா என்பது வரைபடத்தைப் பார்த்துத் தெரியாது. இன்னும் பின்னே போனால், ஆர்தர் காக்ஸ் தொகுத்து 1881இல் வெளிவந்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு இணைய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கிறது. அந்த நூலின் காலத்தில் மாவட்டத் தலைநகர் சித்தூர்.

ஊர் அளவிலும் இதே கதை. சத்துவாச்சாரி 2011இல்தான் வேலூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. வேலூரின் 2011 மக்கள்தொகை ஓரிடத்தில் சுமார் 1.86 லட்சம் என்றும் இன்னோரிடத்தில் 5 லட்சத்துக்கு மேல் என்றும் இருப்பதைக் கண்டு மாணவர் திகைப்பார். இரண்டும் சரியே. முன்னது பழைய எல்லை, பின்னது சத்துவாச்சாரி உள்ளிட்ட பகுதிகள் சேர்ந்த விரிந்த எல்லை. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரின் கடைசி எழுத்தை ஒய் என்று முடிக்கிறவர்களும் உண்டு, ஐ என்று முடிக்கிறவர்களும் உண்டு. தேடுபொறிக்கு இவை சில சமயம் இரண்டு ஊர்கள். தமிழ் அரசாணைகள் பல வெறும் படமாக வருடப்பட்டவை என்பதால் அவற்றுள் சொல்தேடலே நடக்காது. எந்தக் காலத்துக்கு எந்தப் பெயர், எந்தப் பெயருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் என்று ஒரு பக்க அட்டவணை தயாரிப்பது நூலகர் தொழிலின் மையமான வேலை. பாட ஆசிரியருக்கு அது தோன்றாது. ஐம்பது இணையதளங்களின் பட்டியலைவிட அந்த ஒரு பக்கம் சத்துவாச்சாரிப் பள்ளிக்கு அதிகம் பயன்படும்.

ஆவணம் கிடைத்த பிறகு அதை எடைபோடும் வேலை ஆசிரியருடையது. ராணிப்பேட்டை சிப்காட் தொழில் வளாகத்தில் 1970களில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலையின் குரோமியக் கழிவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களில் ராணிப்பேட்டையைச் சேர்த்தது. அங்கே குவிந்த கழிவு 15 லட்சம் டன் என்று அதன் குறிப்பு சொல்கிறது. அதே குறிப்பு, குவியல் 3 முதல் 5 மீட்டர் உயரம், 2 ஹெக்டேர் பரப்பு என்றும் சொல்கிறது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு போதும். 2 ஹெக்டேர் என்பது 20,000 சதுர மீட்டர். 5 மீட்டர் உயரம் என்றே வைத்தாலும் கன அளவு 1,00,000 கன மீட்டர். அதில் 15 லட்சம் டன் அடங்க வேண்டுமானால் ஒரு கன மீட்டர் 15 டன் எடை இருக்க வேண்டும். ஈயம் 11.3 டன்தான். பாதரசமே 13.6. மண்ணும் கசடும் கலந்த குவியல் பாதரசத்தைவிடக் கனமாக இருக்க வழியில்லை. இந்திய ஆய்வுக் கட்டுரைகளிலும் அரசு அறிக்கைகளிலும் வரும் அளவு 1.5 லட்சம் டன்னிலிருந்து 2 லட்சத்துக்குச் சற்று மேல்வரை. கணக்கோடு பொருந்துவது அதுவே. லட்சம் மில்லியனாக மாறும்போது எங்கோ ஒரு சுழியம் கூடியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எண் பத்து மடங்கு குறைவதால் ராணிப்பேட்டையின் துயரம் பத்து மடங்கு குறைந்துவிடாது. ஆறு மதிப்புக் குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கியது உண்மை. தப்பான பெரிய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்பவரை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் மடக்கிவிடும் என்பதால்தான் இந்தக் கணக்கு முக்கியமாகிறது. இதை வகுப்பில் செய்துகாட்ட வேதியியல் ஆசிரியரும் நூலகப் பொறுப்பாசிரியரும் ஒரு பிற்பகல் சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.

வரும் முதல் விடையை நம்பிவிடுவது படிப்பு குறைந்தவர்களின் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் முனைவர் பட்டம் பெற்ற 10 வரலாற்றாளர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 இளங்கலை மாணவர்கள் இணையதளங்களை மதிப்பிட்டார்கள். வரலாற்றாளர்களும் மாணவர்களும் தளத்தின் தோற்றத்தில் பலமுறை ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் அதிக நேரம் தங்கவே இல்லை. அதை நடத்துவது யார் என்று வெளியே போய்த் தேடினார்கள். இந்தப் பழக்கம் பட்டத்தோடு தானாக வருவதில்லை, கைப்பழக்கமாகத்தான் வரும். உரைகேட்டுச் சான்றிதழோடு முடியும் ஒருநாள் பணித்திறன் மேம்பாட்டுப் பயிற்சி அதைத் தராது. பயிற்சிக்கு வந்தவர் என்னென்ன சொற்களால் தேடினார், எதை ஏன் ஒதுக்கினார் என்று எழுதிய குறிப்பேட்டைக் கருத்தாளர் படித்துத் திருத்துவதாக ஏற்பாடு இருந்தால் ஓரளவு தரலாம்.

நிறுவன ஏற்பாட்டிலும் ஒரு விரிசல் உண்டு. ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு சுமார் 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். பயன் பெறுவோர் அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களும் ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களும் மட்டுமே. சென்னை அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் குரோமியம் பற்றி ஆய்வு நடக்கிறது; வேலூர்த் தோல் வட்டாரத்தின் பள்ளி ஆசிரியர் அத்துறை இதழ்களில் பலவற்றின் சுருக்கத்தோடு நிற்க வேண்டும். பொதுப்பணத்தில் வாங்கும் சந்தா கல்லூரி வாசலோடு ஏன் முடிய வேண்டும்? ஆயினும் இதைப் பெரிய தடையாக நான் கருதவில்லை. பள்ளி அளவுக்கு வேண்டியதில் பெரும்பங்கு ஏற்கெனவே திறந்தே கிடக்கிறது. கல்லூரிகளிடமிருந்து பள்ளிகள் கேட்டுப் பெற வேண்டியது ஆள் உதவி. முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, ஊரிசு, ஆக்சிலியம், ஆம்பூர் மஜ்ஹருல் உலூம், வாணியம்பாடி இஸ்லாமியா எனப் பயிற்சி பெற்ற நூலகர்கள் உள்ள கல்லூரிகளுக்கு இவ்வட்டாரத்தில் பஞ்சமில்லை. ஒரு கல்லூரி நூலகர் பருவத்துக்கு ஒருமுறை நான்கைந்து பள்ளிகளின் பொறுப்பாசிரியர்களோடு ஒரே கேள்வியில் வேலை செய்வதற்கு அரசாணை எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

தோல் கழிவை வகுப்புக்குக் கொண்டுவருவதே தவறு என்பார்கள் சிலர். வலுவான மறுப்புதான். ஆம்பூரிலோ மேல்விஷாரத்திலோ வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருடைய அப்பா தோல் ஷாப்பில் நிற்கிறார், அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறார். வீட்டுச் சோற்றைக் குற்றக்கூண்டில் ஏற்றுவதுபோல் ஆகிவிடும். இந்தச் சங்கடத்துக்கு அறிவுரை தீர்வாகாது, ஆவணம் ஓரளவு ஆகும். 1996 தீர்ப்பே நாட்டின் பதனிட்ட தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 விழுக்காடு தமிழ்நாட்டினுடையது என்றும், தொழில் வேலைவாய்ப்பு தருகிறது என்றும் ஒப்புக்கொண்ட பிறகுதான் சூழலை அழிக்க அதற்கு உரிமை இல்லை என்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த கதையும் ஆவணங்களில் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பக்கத்தையும் படிக்கட்டும். அந்த 80 விழுக்காடு 1996இன் கணக்கு, இன்றைக்குரியதன்று என்பதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

நேரம் இல்லை என்பது இன்னொரு மறுப்பு. எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் முறை) பதிவும் தேர்ச்சி விழுக்காடும் ஆசிரியரின் நாளைத் தின்றுவிடுகின்றன. இதை மறுக்க முடியாது. நூலகப் பொறுப்பாசிரியருக்கு வாரம் இரண்டு பாடவேளையைக் கற்பிக்கும் சுமையிலிருந்து கழிக்காமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது. கால அட்டவணை போடும் தலைமையாசிரியரின் மேசையில்தான் இது முடிவாக வேண்டும்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு வழக்கில் மீண்டும் தீர்ப்பளித்திருக்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு, மாசாக்கியோரிடமிருந்து அதை வசூலித்தல், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு என்பன அதன் ஆணைகளில் சில. குழு வேலை செய்யச் செய்ய அறிக்கைகள் பெருகும். அவற்றைப் பதிவிறக்கித் தேதியிட்டு வைக்கும் பள்ளி நூலகம் முதலில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது? மாவட்டப் பெயரில் வைத்தால் அடுத்த பிரிவினையில் கோப்பு மீண்டும் சிதறும். பாலாறு என்ற தலைப்பில் வைத்து, வட ஆர்க்காடு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு ஒரு ‘காண்க’ குறிப்புப் போட்டுவிடலாம்.