ஆறாப் புண்ணும் குருத்தணுவும்: வேலூர் முதல் செபராங் பிறை வரை ஒரு வரலாற்று நோக்கு

மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதை 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு காட்டியது. இந்தியரிடையே பாதிப்பு இன்னும் அதிகம். செபராங் பிறையின் புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையில் பாதுகாப்புக் காலணியுடன் நாள் முழுதும் நிற்கும் தொழிலாளியின் கால் மரத்துப்போயிருந்தால், அதில் எழும் கொப்புளம் அவருக்குத் தெரியாது. அது புண்ணாகி, விரலை எடுப்பதில் முடிவதும் உண்டு. இத்தகைய புண்ணுக்குக் குருத்தணு எந்த அளவுக்கு மருந்தாகும்? புண்ணின் காரணத்தை நீக்கிய பின்னரே உயிரணு உதவும் என்பதே அதன் வரலாறு தரும் விடை என இக்கட்டுரை வாதிடுகிறது.

1. வேலூரின் பாடம்

1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் உள்ளங்கால் புண்களை ஆராய்ந்தார். கிருமி சதையைத் தின்பதால் அவை வருவதில்லை. வலியுணராத காலின் ஒரே இடத்தில் அழுத்தம் திரும்பத் திரும்ப விழுவதே காரணம் என்று காட்டினார். காலோடு ஒட்டிய மாவுக்கட்டு உடற்பாரத்தைப் பரப்பியதும் நாட்பட்ட புண்கள் ஆறின. இம்முறையை 1930களிலேயே இந்தியாவில் ஜோசப் கான் கையாண்டிருந்தார். 1960களில் பிராண்ட் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். இனிப்புநீர்ப் பாதப் புண்ணுக்கும் அது இன்று முதன்மைச் சிகிச்சைகளுள் ஒன்று.

2. தோலிலிருந்து மஜ்ஜைக்கு

தோலின் மேலணுக்களை ஆய்வகத்தில் பெருக்கும் வழியை 1975இல் ரைன்வால்டும் கிரீனும் கண்டனர். ஆய்வகத்தில் வளர்த்த ஈரடுக்குத் தோலான அப்லிகிராஃப், 1998இல் சிரைப் புண்ணுக்கு அமெரிக்க அனுமதி பெற்றது. அதற்கும் அடங்காத புண்கள் இருந்தன. ஓராண்டுக்கும் மேலாக ஆறாதிருந்த மூவரின் புண்ணில் அவரவர் எலும்பு மஜ்ஜையை இட்டு, புண் மூடியதைப் படியாவாசும் ஃபலாங்காவும் 2003இல் பதிவு செய்தனர். 2007இல் ஃபலாங்கா குழு இரட்டைக் குழல் ஊசியைப் பயன்படுத்தியது. ஒரு குழலில் ஃபைப்ரினோஜனும் மஜ்ஜையிலிருந்து வளர்த்த குருத்தணுக்களும், மறு குழலில் த்ராம்பினும் இருந்தன. இரண்டும் கலந்து புண்மேல் தெளிக்கப்பட்டதும் கூழாக உறைந்து அணுக்களைப் பிடித்துவைத்தன.

இட்ட அணுக்களே தோலாக மாறும் என்பது தொடக்ககால எதிர்பார்ப்பு. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை விரைவிலேயே மறைந்துவிடுகின்றன. அதற்குள் தாம் சுரக்கும் புரதங்களால் புதிய இரத்த நாளங்களைத் தூண்டி, அழற்சியைத் தணிக்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆகவே குணமாக வேண்டியது நோயாளியின் சொந்தத் திசுவே. இரத்தம் பாயாத, நாளும் நசுங்கும் காலில் அத்திசுவால் எதுவும் செய்ய இயலாது.

3. அனுமதியும் எச்சரிக்கையும்

புகைப்போரின் கால் நாளங்களை அடைக்கும் பர்ஜர் நோய்க்குப் பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸின் ‘ஸ்டெம்பியூசெல்’ என்னும் குருத்தணு மருந்து 2016இல் இந்தியாவில் வரையறுக்கப்பட்ட அனுமதி பெற்றது. மாறாக, குரோன் நோயின் ஆசனவாய்ப் புரைப்புண்ணுக்கு 2018இல் ஐரோப்பா அனுமதித்த குருத்தணு மருந்தான அலோஃபிசெல், பிந்தைய பெரிய ஆய்வில் பயன் நிறுவப்படாததால் 2024இல் விலக்கப்பட்டது. மலேசியச் சுகாதார அமைச்சும் 2009இலேயே குருத்தணு ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் வழிகாட்டி வகுத்தது.

முடிவுரை

செபராங் பிறையிலேயே, பெர்த்தாமில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவ நிலையம் மீளாக்க மருத்துவத்தை ஆராய்கிறது. நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆனால் பாதப் புண்ணுக்குக் குருத்தணு இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. காசு வாங்கிக்கொண்டு உறுதி தரும் விளம்பரத்தை நம்புமுன், அது நெறிக்குழு ஒப்புதல் பெற்ற ஆய்வா என்று கேட்க வேண்டும். சர்க்கரைக் கட்டுப்பாடு, இரத்த ஓட்டச் சோதனை, தொற்று நீக்கம், சுமை நீக்கம் ஆகிய நான்கும் இன்றே அரசு மருத்துவமனையில் தொடங்கக்கூடியவை. நாளை குருத்தணு வந்தாலும் இவற்றின் மேல்தான் அது நிற்கும்.