‘தே’ என்னும் சிறு சொல்

மணப்பாட்டைச் சேர்ந்த என் நண்பர் தம் பெயரை ‘டி குரூஸ்’ என்று எழுதுவார். ஓர் அலுவலகத்தில் அந்த ‘டி’யைத் தலைப்பெழுத்தாகக் கருதி, “தகப்பனார் பெயர் தாவீதா?” என்று வினவினராம். “இல்லை, அது பிரபுக்களுக்குரிய பட்டம்” என்று நிமிர்ந்து விடையிறுத்திருக்கிறார் நண்பர். இருவர் எண்ணியதும் பிழையே.

ஆங்கிலேயர் நாவில் ‘டி’யாகத் திரிந்த இச்சொல் இலத்தீனின் ‘தே’. ‘கீழிறங்கி’, ‘இலிருந்து’ என்பன அதன் மூலப்பொருள். இறந்தோர்க்காக நாம் செபிக்கும் 130ஆம் திருப்பாடலுக்கு ‘தே புரோபுந்திஸ்’ என்று பெயர்; ‘ஆழங்களிலிருந்து’ என்பதே அதன் பொருள். வங்கியில் போடும் டெபாசிட்டின் முதலசையும் இதுதான். (‘தே தேயும்’ என்னும் நன்றிப் பாடலின் ‘தே’ வேறு, அது ‘உம்மை’ எனப் பொருள்படும்.)

இலத்தீனின் வேற்றுமை உருபுகள் தேய்ந்து போர்த்துக்கீசியம் முதலிய மொழிகள் கிளைத்தபோது, ‘உடைய’, ‘ஊரைச் சேர்ந்த’ என்னும் பொருள்களையும் இச்சொல்லே சுமந்தது. பெண்பாற் பெயர்களின் முன் அது ‘தா’ ஆகும். தா சில்வா என்றால் காட்டைச் சேர்ந்தவர். தா கோஸ்தா, கடற்கரையைச் சேர்ந்தவர். தா குரூஸ், சிலுவையைச் சேர்ந்தவர்.

நிலமுடைய குடும்பங்கள் தம் ஊரையும் கோட்டையையும் இவ்வாறு பெயரோடு இணைத்ததால் சொல்லுக்கு மதிப்பு ஏறியது. நம் சவேரியார் பிறந்த கோட்டையின் பெயரே அவருக்கும் பெயராயிற்று. பாஸ்கு மொழியில் அதற்குப் ‘புது வீடு’ என்று பொருள். ஆனால் உழவர் மகனான வின்சென்ட் தே பவுலின் பெயரிலும் ‘தே’ உண்டு. அப்புனிதர் இரண்டையும் ஒரே சொல்லாகச் சேர்த்தே கையொப்பமிட்டு வந்தார். பங்குதோறும் இயங்கும் அவர் பெயர்கொண்ட சபையினர் இதனை அறிந்து மகிழலாம்.

1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றபோது போர்த்துக்கீசியக் குடிப்பெயர்களும் உடன் வந்தன. காட்டையே காணாத நெய்தல் நிலத்தார் சில்வாக்கள் ஆயினர்! உள்நாட்டிலோ இதற்கு மாறாக நிகழ்ந்தது. 1606இல் மதுரை வந்த இராபர்ட் தே நொபிலி, ‘உயர்குடியினரைச் சேர்ந்தவர்’ என்று பொருள்படும் பெயரை விடுத்துத் தத்துவ போதகர் ஆனார். 1693இல் ஓரியூரில் உயிர்நீத்த ஜான் தே பிரிட்டோவை மக்கள் அருளானந்தராகவே அறிந்தனர். கரையில் ஏறிய ‘தே’ மறவர் சீமையில் உதிர்ந்துவிட்டது.

நாம் ஊரைக் குறிக்க இடைச்சொல் தேடுவதில்லை. ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ என்றால் ஊர், தந்தை, பெயர் மூன்றும் அடங்கிவிடும்.

இவற்றை நண்பரிடம் சொன்னேன். பிரபுப் பட்டம் பறிபோனதில் அவருக்குச் சிறிது வருத்தம். பிறகு, “சிலுவையைச் சேர்ந்தவன் என்றா சொன்னீர்?” என்று கேட்டுச் சிரித்தார். மணப்பாட்டுக் குன்றின்மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் அவர் வீட்டு முற்றத்திலிருந்தே தெரியும்.