காவிரிக் கரையில் ஓர் இசைப் பெருவிழா

தம் முன்னோர் செய்த அருஞ்செயல்களை மறந்த குலத்தார் நாளடைவில் தம்மையே மறந்தொழிவர். இவ்வுண்மையை யாம் இவ்வேட்டின்கண் பலகாலும் எடுத்துக் கூறி வந்துள்ளோம். கோயிற் கல்வெட்டுக்களில் நம்மவர் பெயர் காணப்படுவதைப் பற்றியும், தவிலும் நாகசுரமும் நம் வீடுகளில் வழிவழியாகப் பயிலப்பட்ட முறையைப் பற்றியும் முன்னர் எழுதினோம். இம்முறை நம் காலத்துக்கு மிக அண்மையில் நிகழ்ந்ததும், ஆயினும் நம் இளைஞரிற் பலர் அறியாததுமாகிய ஒரு வரலாற்றை எடுத்துக்கொள்வாம். அதுவே திருவையாற்று ஆராதனையின் வரலாறு.

தஞ்சை நகருக்கு வடக்கே காவிரிக் கரையில் அமைந்தது திருவையாறு. அப்பரடிகள் கயிலைக் காட்சி கண்ட தலம் என்று சைவர் போற்றுவது இவ்வூரே. இங்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் தியாகராச சுவாமிகள். 1767-இல் திருவாரூரிற் பிறந்த இப்பெரியார், அரசவைச் செல்வத்தை நாடாது, வீதியில் உஞ்சவிருத்தி செய்து உண்டு, இராமபிரான்மீது தெலுங்கிலும் வடமொழியிலும் கீர்த்தனங்கள் இயற்றிப் பாடினார். அவற்றுள் ஏறக்குறைய எழுநூறு இன்று வழங்குகின்றன. இறுதியில் துறவு பூண்டு, 1847-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், புஷ்ய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமியன்று, உடல் நீத்தார். காவிரிக் கரையிலேயே சமாதி அமைந்தது.

ஆசிரியர் மறைந்தபின் மாணாக்கர் பல ஊர்களுக்கும் பிரிந்தனர். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்னும் ஊர்களின் பெயரால் மாணாக்கர் பரம்பரைகள் வளர்ந்தன. பாட்டு வளர்ந்தது, ஆனால் பாடியவரின் சமாதியோ புதர் மண்டிக் கிடந்தது. சுவாமிகளின் நேர் மாணாக்கராகிய உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் 1903-இல் அவ்விடத்தைத் தேடிச் சென்று சீர்திருத்தினர். அதன் பின்னரே ஆண்டுதோறும் பலர் கூடி ஆராதனை நடத்தும் வழக்கம் உறுதி பெற்றது.

பலர் கூடினால் பிணக்கு விளைதலும் உலகியற்கை. தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர் ஒருபுறமும், அவர் தம்பியார் பஞ்சு பாகவதர் மறுபுறமுமாகப் பிரிந்து, பெரிய கட்சி, சின்ன கட்சி என இரு கட்சிகள் தோன்றின. பிடில் வாசிப்பிற் பெரும்புகழ் பெற்ற மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையவர்கள் சின்ன கட்சிக்குத் துணை நின்றார். ஒரு கட்சியார் ஆராதனை நாளுக்கு முன்பே தொடங்கி அந்நாளில் முடிப்பர். மற்றவர் அந்நாளில் தொடங்கி மேலும் சில நாட்கள் நடத்துவர். ஒரே குருவுக்கு இரு விழாக்கள்!

இவ்விரு கட்சியாரும் எதனில் மாறுபட்டாலும் ஒன்றில் மட்டும் மாறுபடவில்லை. பெண்கள் சமாதிக்கு முன் பாடுதல் கூடாது என்பதே அது. அக்காலத்தில் மேடையேறிப் பாடிய பெண்டிர் பெரும்பாலும் யார்? கோயிற்பணிக்கும் ஆடல் பாடலுக்கும் உரியவராயிருந்த குடும்பங்களிற் பிறந்தவர்களே. அவர்கள் பாடிய கீர்த்தனங்களைக் கேட்டு மகிழ்ந்த உலகம், அக்கீர்த்தனங்களை இயற்றியவர் திருமுன் அவர்கள் பாடுவது தகாது என்றது. இம்முரண்பாட்டை நேயர்கள் நன்கு சிந்தித்தல் வேண்டும்.

இந்நிலையில் தோன்றியவரே பெங்களூர் நாகரத்தினம்மாள். இவர் 1878-இல் மைசூர்ச் சீமையைச் சார்ந்த நஞ்சன்கூட்டில், நம் மரபினரைப் போலவே ஆடலும் பாடலும் தொழிலாகக் கொண்ட ஒரு குடும்பத்திற் பிறந்தார். இளமையிலேயே வடமொழியும் தெலுங்கும் கன்னடமும் கற்றுத் தேர்ந்தார். பின்னர்ச் சென்னையில் வாழ்ந்து பெரும்பொருள் ஈட்டினார். தஞ்சை அரசவையை அணிசெய்த முத்துப்பழனி என்னும் புலமைமிக்க பெண்மணியின் தெலுங்குக் காவியத்தை 1910-இல் முழுமையாக அச்சேற்றியவர் இவரே. அதற்கு அரசாங்கத்தார் விதித்த தடை பல்லாண்டு நீடித்துப் பின்னர் நீங்கிற்று. எதிர்ப்பைக் கண்டு அஞ்சும் இயல்பு இவரிடம் இருந்ததில்லை என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

சமாதி பாழ்பட்டுக் கிடக்கும் நிலையை இவர்தம் ஆசிரியர் பிடாரம் கிருஷ்ணப்பா 1921-இல் இவருக்கு எழுதித் தெரிவித்தார். அன்று முதல் அம்மையாருக்கு வேறு எண்ணம் இல்லை. தாம் பாடி ஈட்டிய பொருளையெல்லாம் கொடுத்து, வேண்டிய நிலத்தை முயன்று பெற்று, சமாதியின்மீது கோயில் எழுப்பி, சுவாமிகளின் திருவுருவத்தை அமைத்தார். 1926-ஆம் ஆண்டு சனவரியில் குடமுழுக்கு நிகழ்ந்தது. அந்நாளில் ஒரு தனிப்பெண், எந்த மன்னரும் சமீன்தாரும் செய்யாத பணியைச் செய்து முடித்தது எளிய செயலோ?

ஆயினும், கோயிலைக் கட்டியவர் அக்கோயிலின் முன் பாடுதற்கு இடம் கேட்டபோது இரு கட்சியாரும் மறுத்தனர். நாகரத்தினம்மாள் வசைபாடவில்லை, கட்டிய கோயிலைப் பூட்டவுமில்லை. பெண்களைத் திரட்டி, கோயிலின் பின்புறத்தில் தனியாக ஓர் ஆராதனை நடத்தத் தொடங்கினார். அதனை உலகம் பெண்கள் கட்சி என்று அழைத்தது. இவ்வாறு மூன்று கட்சிகளாயின. காலம் செல்லச் செல்ல, ஒரே ஆற்றங்கரையில் ஒரே பெரியாருக்கு மூன்று விழாக்கள் நடப்பது தகுமோ என்னும் நாணம் நல்லோர் உள்ளத்தில் எழுந்தது. அம்மையார், முசிறி சுப்பிரமணிய ஐயர், அரசாங்க உயர் பதவியிலிருந்த எஸ். ஒய். கிருஷ்ணசாமி முதலியோர் முயற்சியால் 1940-இல் மூன்றும் ஒன்றாயின. பெண்டிரும் ஆடவரோடு ஒப்பப் பாடும் உரிமை பெற்றனர். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனங்களை அனைவரும் ஒருங்கே இருந்து பாடும் வழக்கமும் இவ்வொற்றுமையை ஒட்டி நிலைபெற்றதே. ஒருவர் முந்தாமலும் ஒருவர் பிந்தாமலும் ஒரே குரலாய்ப் பாடும் அம்முறை, பழைய கட்சிப் பிணக்குக்குக் கண்ட நல்ல மருந்தென்றே யாம் கருதுகிறோம்.

நாகசுர விற்பன்னரைப் பற்றியும் ஒரு சொல் கூறாமல் அமைதல் இயலாது. மங்கல இசை இன்றி ஒரு நற்காரியமும் தொடங்காத நாடு இது. ஆயினும் அவ்விசையை எழுப்பியவரை நின்றுகொண்டே வாசிக்கச் செய்வதும், கச்சேரி மேடையில் ஏனைய வித்துவான்களோடு ஒப்ப அமரவிடத் தயங்குவதும் நெடுங்காலம் வழக்கமாயிருந்தன. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையவர்கள் தம் வாசிப்பின் பெருமையாலும் அஞ்சா நெஞ்சாலும் மேடையில் அமர்ந்து வாசிக்கும் மதிப்பை அக்கருவிக்குத் தேடித் தந்தார். 1956-இல் அவர் மறைந்தார். அவர் பெற்றுத் தந்த இருக்கை நிலைத்துவிட்டது.

யாம் சில ஆண்டுகளுக்கு முன் ஆராதனைக்குச் சென்றிருந்தோம். விடியற்காலையில் பனி விலகுமுன்னரே மக்கள் வந்து குழுமிவிட்டனர். கட்டணச் சீட்டு இல்லை. முன்வரிசை விலைக்கு விற்கப்படவில்லை. சுவாமிகள் வாழ்ந்த திருமஞ்சன வீதியிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை சமாதியை நோக்கி வந்தது. நாகசுர மங்கல இசை எழுந்தது. பின்னர், பெயர்பெற்ற வித்துவான்களும் நேற்றுப் பாடத் தொடங்கிய சிறுமியரும் ஒரே தரையில் வரிசையாக அமர்ந்து பஞ்சரத்தினம் பாடினர். எம் அருகே அமர்ந்திருந்த ஒரு முதிய மாது ஏடு எதுவும் இன்றி ஐந்தனையும் முழுதும் பாடினார். அவர் கண்கள் கோயிலை நோக்கவில்லை. சற்றுத் தொலைவில் சுவாமிகளின் சமாதியை நோக்கியபடி அமைந்துள்ள நாகரத்தினம்மாளின் நினைவிடத்தையே நோக்கியிருந்தன. அதன் பொருளை யாம் உணர்ந்தோம், கேட்க வேண்டியிருக்கவில்லை.

அம்மையார் 1952-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் திருவையாற்றிலேயே காலமானார். தேவதாசி முறையைச் சட்டத்தால் ஒழிக்கும் முயற்சியை அவர் எதிர்த்தார் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரும் அவரும் அவ்விஷயத்தில் எதிரெதிரே நின்றனர். 1947-இல் சட்டம் நிறைவேறியதால் நம் பெண்மக்கள் அடைந்த நன்மையை யாம் முழுமனத்தோடு போற்றுகிறோம். ஆயினும், ஒரு முறையை ஒழிக்குமிடத்து அம்முறைக்குள் வாழ்ந்து கலையைக் காத்த பெண்டிரின் புலமையையும் சேர்த்து இகழ்தல் ஆகாது என்று அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது. தம் பாட்டியார் பாடகியாயிருந்தார் என்று சொல்ல நாணி, அவர்தம் படங்களைப் பெட்டிக்குள் மறைத்து வைத்த வீடுகள் நம்மிடையே இல்லையா?

நேயர்காள்! அப்படங்களை வெளியே எடுங்கள். அவர்கள் யாரிடம் கற்றனர், எந்தக் கோயிலிற் பாடினர், எத்தனை பேருக்குக் கற்பித்தனர் என்பவற்றை வீட்டு முதியோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். இவ்வேட்டிற்கும் எழுதியனுப்புங்கள், யாம் வெளியிடுவோம். நும் பெண்மக்கட்குக் கல்லூரிக் கல்வியோடு இசைக் கல்வியையும் அளியுங்கள். வரும் ஆராதனைக்கு இயன்றவர் அனைவரும் குடும்பத்தோடு செல்லுங்கள். சென்றால், சுவாமிகளை வணங்கியபின் சற்றுத் தள்ளி அமைந்துள்ள அவ்வம்மையாரின் நினைவிடத்துக்கும் சென்று ஒரு மலர் இட்டு வாருங்கள். கோயிலின் பின்புறத்தில் நின்று பாடத் தொடங்கியவரின் துணிவால் நம் பெண்மக்கள் இன்று முன்புறத்தில் அமர்ந்து பாடுகின்றனர். அக்கடனை மறவாதிருத்தலே நன்றியறிதலாம்.

வாழ்க இசை! வளர்க நம் மரபு!